மங்கு வைக்காமல் வெட்டிய மரம்

தாப்பா வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து, இன்று எங்கெங்கோ இருந்தபடி புலனக் குழுக்களில் கூடியிருக்கும் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாப்பா டவுனில் ஒரு கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். ரொட்டி சானாயைப் பிய்த்தபடி கைப்பேசியைத் திறந்தால் நம் குழுவில் ஒரு குரல் பதிவு. "தாப்பாவுல மழ ஊத்துது, கேமரன் ஏறுறவங்க பாத்துப் போங்க" என்றது ஒரு கனத்த குரல். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். எதையும் சத்தமாக வைத்துத்தான் கேட்பேன். பக்கத்து மேசையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "டீச்சர், அது என் குரலாச்சே!"

மூன்று வருடமாக நாங்கள் இருவரும் ஒரே குழுவில் இருக்கிறோம். அவர் எனக்கு ஒரு கைப்பேசி எண். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வேல் படம். விசாரித்தால் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் அடுத்தடுத்த நிரையில் பால் வெட்டியவர்கள். இப்போது என் வீட்டிலிருந்து மோட்டாரில் ஐந்து நிமிடத் தூரத்தில் குடியிருக்கிறார். மனைவி தவறி ஒரு வருடமாகிறதாம். அந்தச் செய்தி குழுவில் வந்தபோது நானும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருக்கிறேன். யாருக்குப் போடுகிறேன் என்று தெரியாமலே போட்டிருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பியும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எந்தத் தோட்டம் என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் பக்கத்துத் தோட்டத்தார் இது நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடுவீர்கள். தாப்பா, தாப்பா ரோடு, தெமோ, செண்டிரியாங், பீடோர் என்று இந்த வட்டாரத்தில் லயத்தில் பிறந்த எல்லாருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன். நம் கதைகள் பெரும்பாலும் ஒரே கதைதான். கித்தா (ரப்பர்) மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். லயம் காலியானது. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பிறகு ஒருநாள் யாரோ ஒருவர் புலனத்தில் குழு தொடங்கி, தோட்டத்தின் பெயரைச் சூட்டி, நம்மை ஒவ்வொருவராக உள்ளே இழுத்துப் போட்டார். (வாட்ஸ்அப்பைப் புலனம் என்று நாம் சொன்னால் தமிழ்நாட்டு உறவினர்கள் முழிக்கிறார்கள். முழிக்கட்டும், நல்ல சொல்.)

குழுவில் வரும் காலை வணக்கப் படங்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. ஜொகூரில் தனியாக இருக்கும் ஓர் அக்கா தினமும் விடிகாலை ஐந்தரைக்குப் பூப்படம் போடுவார். ஒருநாள் வரவில்லை. அவருடைய பழைய வகுப்புத் தோழி கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லாமல், பக்கத்து வீட்டாரைப் பிடித்து, கதவைத் தட்ட வைத்துக் காப்பாற்றினார். அன்றிலிருந்து பூப்படங்களைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

2021 ஜூலையையும் மறக்கவில்லை. நடமாட்டக் கட்டுப்பாட்டில் வேலை போய், சேமிப்பும் கரைந்து நின்ற வீடுகள் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், அக்கம்பக்கத்தார் உதவுவார்கள் என்ற செய்தி நாடு முழுக்கச் சமூக ஊடகங்களில் பரவியது. வெள்ளைக் கொடி இயக்கம் என்றார்கள். செய்தியைக் கொண்டுபோனது இணையம். ஆனால் அரிசி மூட்டையை ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனது இரண்டு வீடு தள்ளி இருந்தவர். கேட்க வெட்கப்பட்ட மனிதர்கள் வாய் திறந்து கேட்காமலே கேட்க ஒரு வழி பிறந்தது. இணையத் தொடர்பு என்று எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு விளங்கியது அந்தத் துணியைப் பார்த்தபோதுதான்.

ஆக, கூடுவதில் நமக்குக் குறையில்லை. கூடிப் பேசியதை என்ன செய்கிறோம் என்பதே என் கேள்வி.

ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் பலர் அன்று விழித்திருந்தீர்கள். யாரோ தாப்பா ரோடு ரயில் நிலையத்தின் பழைய படம் ஒன்றைப் போட்டார். அங்கிருந்து தெலுக் ஆன்சனுக்கு ஒரு கிளைப்பாதை இருந்தது. 1893இல் போட்டது, 1989இல் சேவை நின்றது. ஊருக்குத் தெலுக் இந்தான் என்று 1982இல் பெயர் மாற்றினார்கள். நம் பெரியவர்கள் வாயில் இன்னும் தெலுக் ஆன்சன்தான். படம் வந்த அரைமணி நேரத்தில் குழு பற்றிக்கொண்டது. சித்ரா பௌர்ணமிக்கு அந்த ரயிலில் காவடியோடு ஏறியதை ஒருவர் சொன்னார். கடலை விற்றவரின் கூவலை ஒருவர் குரல் பதிவில் பாடியே காட்டினார். வயிற்று வலியோடு தெலுக் ஆன்சன் ஆஸ்பத்திரிக்குப் போன தன் அம்மா ரயிலிலேயே அண்ணனைப் பெற்றதாக ஓர் அக்கா எழுதினார். உடனே அந்த அண்ணன், "நான்தான் அது" என்று கோலாலம்பூரிலிருந்து கை தூக்கினார். டிக்கெட்டின் நிறத்தைப் பற்றி இரண்டு பேர் சண்டை போட்டார்கள். மணி இரண்டாகியும் ஒருவரும் தூங்கவில்லை. நூற்றுக்கும் மேல் செய்திகள். முப்பது வருடம் வரலாற்றுப் பாடம் நடத்தியவள் நான். அப்படி ஒரு பாடத்தை எந்த வகுப்பிலும் என்னால் நடத்த முடிந்ததில்லை.

ஆறு மாதம் கழித்து என் கைப்பேசி அல்லூரில் விழுந்து செத்தது. புதுசு வாங்கினேன். சேமித்து வைக்கத் தெரியாத என் தவறுதான், அந்த இரவு போய்விட்டது. "அந்த ரயில் பேச்சு யாரிடமாவது இருக்கிறதா?" என்று குழுவில் கேட்டேன். ஒருவர் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் அழித்திருந்தார். இன்னொருவர் தேடுகிறேன் என்றார், இன்னும் தேடுகிறார். மூன்றாவதாக வந்த பதில், இனிய வெள்ளிக்கிழமை வாழ்த்துகள். கடலைக்காரரின் கூவலைப் பாடியவர் போன தீபாவளிக்கு முன் தவறிவிட்டார்.

பால் பிடிக்கும் மங்கு வைக்காமல் கித்தா மரத்தை வெட்டினால் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால் வடியும், நன்றாகவே வடியும். எல்லாம் மண்ணுக்குப் போகும். வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைக்கூட விடாமல் உரித்துக் கோணியில் போட்டு எடை போட்ட அம்மாக்களின் பிள்ளைகள் நாம்.

நமக்கு முன்னால் இருந்தவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். கைப்பேசி இல்லை, பல லயங்களில் மின்சாரமே இல்லை. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். தபாலில் வந்த கதைகளைத் திருத்தி, வாசகர்களை எழுத்தாளர்களாக்கினார்கள். சிங்கப்பூர்த் தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதி வந்தது. அதைப் படித்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள், பிறகு ஊர் ஊராக மணிமன்றம் கட்டினார்கள். பட்டிமன்றம், நாடகம், பந்து விளையாட்டு என்று மாலையில் நேரில் கூடினார்கள். மணிமன்றம் என்ற பெயரில் இளைஞர் இயக்கம் ஒன்று இந்த நாட்டில் வளர்ந்தது அந்தப் பத்திரிகைப் பக்கத்திலிருந்துதான். ரேடியோ நேயர் விருப்பத்தில் நம் பெயரும் தோட்டத்தின் பெயரும் வரும் என்று வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோமே, அதுவும் இதே ஆசைதான். வித்தியாசம் என்னவென்றால், பத்திரிகையில் வந்தது அச்சில் நின்றது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் மூடிவிட்டது. ஆனாலும் அன்று அதில் கதை எழுதிய பிள்ளைகளின் பெயர்கள் மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றில் இருக்கின்றன. நம் ரயில் இரவு எங்கே இருக்கிறது?

"அதான் முகநூலில் இருக்கே டீச்சர்" என்பீர்கள். முகநூலில் இருக்கிறது, சரி. முகநூல் யாருடையது? ஃபிரண்ட்ஸ்டர் ஞாபகமிருக்கிறதா? நம் பிள்ளைகள் முகநூலுக்கு முன் விழுந்து கிடந்த இடம். 2009இல் மலேசிய நிறுவனம் ஒன்றே அதை வாங்கியது. 2011இல் அது விளையாட்டுத் தளமாக மாறியபோது மக்கள் போட்டிருந்த படங்களும் எழுத்தும் துடைக்கப்பட்டன. ஜியோசிட்டீஸ் 2009இல் போனது. கூகுள் பிளஸ் 2019இல் போனது. யாஹூ குழுமங்கள் 2020இல் போயின. அறிவிப்பு கொடுத்தார்கள்தான். அறிவிப்பைப் படிக்கும் வழக்கம் நமக்கு எப்போது இருந்தது?

இரவல் இடத்தில் குடியிருந்தால் என்னவாகும் என்பதை நாம் ஏற்கெனவே ஒருமுறை பட்டு அறிந்தவர்கள். லயத்து வீட்டுக்கு நாமே சுண்ணாம்பு அடித்தோம், வாசலில் செம்பருத்தி வைத்தோம், பின்னால் முருங்கை நட்டோம். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்தாலும் வீடு தோட்டத்துடையது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வீடும் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்து, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது எதற்காக? வேலை செய்யும் மண்ணில் கொஞ்சமாவது நம் பெயரில் இருக்கட்டும் என்பதற்காக. அந்தப் புத்தி நம் ஞாபகங்களின் விஷயத்தில் நமக்கு வராமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் ஒரு வலைப்பூ தொடங்கினேன். அப்போது எல்லாரும் தொடங்கினார்கள். தமிழ்மணம் என்ற திரட்டி 2004இல் வந்ததிலிருந்து தமிழில் வலைப்பூ எழுதுவது ஒரு காய்ச்சலாகவே பரவியிருந்தது. தட்டச்சுக்கும் குறையில்லை. நம் மலேசியர் முத்து நெடுமாறன் 1985லேயே முரசு அஞ்சலைத் தொடங்கிவிட்டார். இந்த நாட்டிலிருந்து கிளம்பிய செயலியில் உலகமே தமிழ் அடித்தது. நான் எழுதியது ஒன்றும் பெரிய இலக்கியமில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையைப் பற்றி, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துத் தண்டவாள மணியைப் பற்றி, டிரஸர் கொடுத்த கசப்பு மருந்தைப் பற்றி. ஒரு நாளைக்கு நாலு பேர் படிப்பார்கள். அதில் இரண்டு பேர் நானும் என் தங்கையும்.

இரண்டு வருடம் கழித்து ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மின்னஞ்சல். எழுதியவருடைய அப்பா நம் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அப்பா இறந்தபின் தோட்டத்தின் பெயரை இணையத்தில் தேடியிருக்கிறார். உலகத்திலேயே அந்தப் பெயருக்கு வந்து நின்றது என் ஆயாக் கொட்டகைக் கட்டுரை ஒன்றுதான். அப்பாவின் பெட்டியில் கிடைத்த செக்ரோல் என்ற வருகைப் பதிவுத் தாள்கள் சிலவற்றைப் படமெடுத்து இணைத்திருந்தார். மூன்றாவது தாளில் என் அம்மாவின் பெயர். பக்கத்தில் இருபத்தாறு நாள் வேலைக்கு வந்த கோடு. ஒரு கட்டம் மட்டும் காலி. அது எந்த மாதம் என்று பார்த்தேன். என் தம்பி பிறந்த மாதம். ஒரே ஒரு நாள்தான் லீவா அம்மா என்று அந்தத் தாளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புலனக் குழுவில் நான் அதை எழுதியிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்காது. குழுவுக்குள் பேசுவது கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது. வெளியிலிருந்து தேடுகிறவருக்கு அது எட்டாது. பொதுவெளியில் எழுதியதை எங்கேயோ இருக்கும் யாரோ ஒருவர், நாம் நினைத்தே பார்க்காத காரணத்துக்காக, என்றோ ஒருநாள் தேடி வந்து எடுப்பார்.

இலங்கைத் தமிழரைப் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 2005இல் நூலகம் என்ற பெயரிலேயே இணையத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, ஊர் மலர், பள்ளி மலர், துண்டுப் பிரசுரம் வரை ஏற்றிவைக்கிறார்கள். அங்கே மலையகத் தோட்ட மக்களின் ஆவணங்களுக்கும் இடமிருக்கிறது. நம் பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். தமிழ் விக்கிப்பீடியாவில் மலேசிய ஊர்களைப் பற்றி மலாக்கா முத்துக்கிருஷ்ணன் எழுதிக் குவித்திருக்கிறார். மலேசியாவில் பிறந்து ஜெர்மனிக்குப் போன சுபாஷிணி, நா. கண்ணனோடு சேர்ந்து 2001லிருந்து தமிழ் மரபு அறக்கட்டளை என்று நடத்தியிருக்கிறார். ஆனால் நம் லயத்து வாசலில் எந்தப் பூ பூத்தது என்று அவர்கள் வந்து எழுத முடியாது. அது நமக்குத்தான் தெரியும்.

எழுதச் சொன்னால் உங்களில் பாதிப் பேர், "எனக்கு எழுத வராது டீச்சர்" என்று சொல்வீர்கள். வராவிட்டால் பேசுங்கள். குரல் பதிவு போடத்தான் எல்லாருக்கும் நன்றாக வருகிறதே. அதில் முதல் வரியில் உங்கள் பெயர், தோட்டம், எத்தனாவது லயம், எந்த வருடத்துச் சங்கதி என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். எழுத்தாக்கித் தர நான் இருக்கிறேன், படித்த பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். பழைய படத்தைப் புலனத்தில் அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கித் தேய்த்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி வரும். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். நம் அப்பாக்கள் பேனாவால் தேதி எழுதிவைத்தது அங்கேதான். வலைப்பூவை முழுசாகப் பிரதி எடுத்து வீட்டில் ஒரு கோப்பாக வைத்துக்கொள்ள அதற்குள்ளேயே வழி இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுங்கள். வலைப்பூவும் இரவல் இடம்தான் என்பதை நானும் மறக்கவில்லை.

போடக் கூடாதவையும் உண்டு. உதவி கேட்கிறேன் என்று அடையாள அட்டையைப் படமெடுத்துக் குழுவில் போடாதீர்கள். போன வருடம் நம்மில் ஓர் அண்ணனின் கணக்கை யாரோ பிடுங்கிக்கொண்டு, அவர் பேச்சு மாதிரியே எழுதி, எண்ணூறு வெள்ளி அவசரம் என்று பத்துப் பேரிடம் கேட்டான். இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். கைப்பேசிக்கு வந்த ஆறு எண்களை அண்ணன் யாரிடமோ சொன்னதுதான் காரணம். பெற்ற பிள்ளை கேட்டாலும் அந்த எண்களைச் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 997க்குக் கூப்பிடுங்கள். அதற்கென்றே 2022இலிருந்து இருக்கிற எண் அது. தேர்தல் நேரத்துச் சண்டையைப் பற்றி எழுதப்போவதில்லை. போன முறை குழுவை விட்டுப் போன பதினோரு பேர் திரும்பி வந்தால் போதும்.

இன்னொன்று. இந்தத் தொடர்பு வெறும் ஞாபகத்துக்கு மட்டுமில்லை. தோட்டத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டதால் அடையாள அட்டைக்கு இன்றும் அலைகிறவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். அப்படி ஒரு தங்கை, தான் பிறந்ததைக் கண்டவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று குழுவில் கேட்டாள். பதில் வர மூன்று நாள் ஆனது. கொள்ளுப்பேரனின் கைப்பேசி வழியாகத் தெலுக் இந்தானிலிருந்து வந்தது. பிரசவம் பார்த்த ஆயாவுக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. கண் தெரியவில்லை, ஆனால் கேட்டவளின் அம்மா பெயரைச் சொன்னதும், "அவளுக்குத் தலைப்பிள்ளை பொட்டப்புள்ள, மழக்காலம்" என்றார். தங்கையின் மனு இன்னும் முடியவில்லை. ஆயாவின் பேச்சைப் பதிவு செய்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம்.

கடையில் பார்த்த அந்தத் தம்பி இப்போது வாரம் இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வருகிறார். அவர் அம்மா பால் வெட்டிய உளி அவரிடம் இருக்கிறது. மரப்பிடி தேய்ந்து, கட்டைவிரல் பதிந்த பள்ளத்தோடு. அதைப் படமெடுத்து முதலில் குழுவில்தான் போடப் போனார். நான் தடுத்து, முதலில் வலைப்பூவில் ஏற்ற வைத்தேன். சுட்டியைப் பிறகு குழுவுக்கு அனுப்பினோம். பார்த்திருப்பீர்கள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு அதே கடையில் இருப்போம். இடத்தைக் குழுவில் அனுப்புகிறேன். தாப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வீட்டில் இருக்கும் பழைய படம், பள்ளிச் சான்றிதழ், சம்பளத் துண்டு, எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள். என் பேரனின் ஸ்கேனரைக் கொண்டுவருகிறேன், அங்கேயே எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுவேன். தூரத்தில் இருப்பவர்கள் அன்று பத்து மணிக்குக் காணொளியில் வாருங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், தம்பி காரில் போய் அழைத்து வருவார். மழை பெய்தாலும் பெரட்டு உண்டு. தே காசு என்னுடையது.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்,
தாப்பா